டைகாஸ்ட் வண்டிகள்: சேகரிப்பு, சீரமைப்பு, மாற்றம். இரண்டு லண்டன் பஸ்களை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

என் மேசையில் இரண்டு சிவப்பு லண்டன் பஸ்கள் நிற்கின்றன. டைகாஸ்ட் பொம்மைகள், அதாவது உருக்கிய உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்தவை. இரண்டுமே லெஸ்னி கம்பெனி இங்கிலாந்தில் செய்த மேட்ச்பாக்ஸ் வரிசையின் 5ஆம் நம்பர் ரூட்மாஸ்டர், லண்டனின் மாடி பஸ் வகை. 1965இல் வெளிவந்த மாடல், ஒரு விரல் நீளம் இருக்கும். முதல் பஸ் என் பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. மூலைகளில் பெயிண்ட் உதிர்ந்து உள்ளே சாம்பல் நிற உலோகம் தெரிகிறது, பக்கவாட்டு விளம்பரம் பாதி தேய்ந்துவிட்டது. அதைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தேன். அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன்.

இரண்டாவது பஸ் பழைய சாமான் கடையில் கிடைத்தது. வீட்டு இரும்பு கேட்டுக்கு அடிக்கிற எனாமல் பெயிண்டை யாரோ அதன்மேல் தடிமனாக அப்பியிருந்தார்கள். முன் சக்கர அச்சு வளைந்து, ஒரு சக்கரம் காணாமல் போயிருந்தது. அதைக் கடைசி உறுப்பு வரை பிரித்து, பெயிண்டை நீக்கி, புதிதாக்கினேன்.

ஒரே மாடல்தான், ஆனால் முடிவு வேறு வேறு. எந்த வண்டியைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று பிரித்துப் பார்க்கப் பழகாமல் ட்ரில்லைக் கையில் எடுத்தால் நல்ல வண்டிகள் நாசமாகும். அதனால் சேகரிப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

கையில் இருப்பது என்ன?

டைகாஸ்ட் வண்டியின் உடம்பு இரும்பும் அல்ல, ஈயமும் அல்ல. அது ஸமாக் என்ற துத்தநாகக் கலவை. துத்தநாகத்தோடு சுமார் 4 சதவீதம் அலுமினியம், சிறிதளவு மக்னீசியம், தாமிரம் சேர்ந்தது. இந்த நான்கின் ஜெர்மன் பெயர்களுடைய முதல் எழுத்துகள் சேர்ந்ததுதான் ஸமாக். 400 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே உருகிவிடும் என்பதால் எஃகு அச்சுக்குள் அழுத்தி வார்த்து, கதவுக் கோடு, விளக்கு வளையம் வரை நுணுக்கமாக எடுக்க முடிகிறது. இந்த உலோகத்தின் குணம்தான் பின்னால் எந்த ரசாயனத்தைப் பயன்படுத்தலாம் என்பதைத் தீர்மானிக்கும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய பெயர்கள் சில. லிவர்பூலின் மெக்கானோ கம்பெனி 1934இல் டிங்கி என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. லெஸ்லி ஸ்மித், ராட்னி ஸ்மித் என்ற இரண்டு நண்பர்கள் 1947இல் தங்கள் பெயர்களை இணைத்து ஆரம்பித்ததுதான் லெஸ்னி. பின்னால் சேர்ந்த ஜாக் ஓடெல்லின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மையை மட்டும்தான் கொண்டுவர விட்டார்களாம். மகளுக்காக அவர் செய்த குட்டி ரோடு ரோலரிலிருந்து மேட்ச்பாக்ஸ் பிறந்தது, 1953இல். கார்கி 1956, மேட்டல் கம்பெனியின் ஹாட் வீல்ஸ் 1968, ஜப்பானின் டோமிகா 1970. இந்தியாவுக்கும் இதில் ஒரு இடம் உண்டு. டிங்கியின் பழைய வார்ப்பு அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்து, 1960களின் பிற்பகுதியில் நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் வண்டிகளாயின. உங்கள் தாத்தா வீட்டு அலமாரியில் அப்படி ஒன்று கிடக்கலாம், அடித்தட்டைத் திருப்பிப் பாருங்கள்.

வயதைக் கண்டுபிடிக்கச் சக்கரம் உதவும். மேட்ச்பாக்ஸ் வண்டியில் உலோகச் சக்கரம் இருந்தால் அது ஆரம்ப காலத்தது. அதற்குப் பிறகு சாம்பல் நிற பிளாஸ்டிக், அடுத்து கறுப்பு பிளாஸ்டிக் என்று மாறியது. 1969இலிருந்து சூப்பர்ஃபாஸ்ட் என்ற பெயரில் மெல்லிய சக்கர அச்சும் வேகச் சக்கரமும் வந்தன. ஹாட் வீல்ஸ் வண்டிகள் முந்தைய ஆண்டு வந்து பொம்மைக் கார்களின் வேகத்தையே மாற்றியதற்கு லெஸ்னி கொடுத்த பதில் அது. அடித்தட்டில் "மேட் இன் இங்கிலாந்து", "லெஸ்னி" என்று இருந்தால் கம்பெனி நொடித்துப்போன 1982க்கு முந்தையது என்று பொதுவாகச் சொல்லலாம்.

ஹாட் வீல்ஸில் ஒரு குழப்பம் எல்லோருக்கும் வரும். அடியில் இருக்கும் ஆண்டு அந்த வடிவத்தின் பதிப்புரிமை (காப்பிரைட்) ஆண்டு, வண்டி தயாரான ஆண்டு அல்ல. "1969 என்று போட்டிருக்கிறது, அபூர்வ வண்டி" என்று சொல்லி விற்கப்படுவது சில சமயம் போன மாதம் கடைக்கு வந்ததாகவே இருக்கும். புதிய வண்டிகளில் அடியில் ஓர் எழுத்தும் இரண்டு எண்ணும் கொண்ட குட்டிக் குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். எழுத்து ஆண்டைக் காட்டும், எண் வாரத்தைக் காட்டும். நம்பவேண்டியது அதைத்தான்.

எதைச் சேகரிப்பது?

பிடித்ததையெல்லாம் வாங்கினால் ஆறு மாதத்தில் அலமாரி நிறையும், ஆர்வம் குறையும். ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பஸ்கள் மட்டும், அல்லது 1:64 அளவில் (அசலில் 64இல் ஒரு பங்கு) ஜப்பான் கார்கள் மட்டும், அல்லது உங்கள் குடும்பம் ஓட்டிய வண்டிகளின் மாடல்கள் மட்டும். நான் மேட்ச்பாக்ஸின் லண்டன் பஸ்களை மட்டும் தேடுகிறேன். 1954, 1957, 1961, 1965 என்று 5ஆம் நம்பரிலேயே நான்கு வடிவங்கள், பிறகு 1972இல் 17ஆம் நம்பரில் லண்டனர். வரிசையாக நிறுத்தினால் கம்பெனியின் வளர்ச்சியே கண்ணுக்குத் தெரிகிறது. ஒவ்வொரு தடவையும் பஸ் கொஞ்சம் பெரிதாகியிருக்கும்.

ஹாட் வீல்ஸ் பக்கம் போகிறவர்களுக்கு டிரெஷர் ஹன்ட் பற்றிச் சொல்ல வேண்டும். 1995இல் தொடங்கிய, குறைவாக விடப்படும் சிறப்பு வண்டிகளின் வரிசை அது. இப்போதைய சாதாரண டிரெஷர் ஹன்ட்டில் வட்டத்துக்குள் தீச்சுடர் சின்னம் இருக்கும். சூப்பர் டிரெஷர் ஹன்ட்டில் பளபளக்கும் ஸ்பெக்ட்ராஃப்ளேம் பெயிண்டும் ரப்பர் டயரும் இருக்கும், வண்டியின் மேல் டிஹெச் என்ற ஆங்கில எழுத்துகளும் இருக்கும். இதில் போலி அதிகம். சாதாரண வண்டியைத் திறந்து ரப்பர் டயர் மாட்டி விற்கிறார்கள். வாங்கும்முன் அடித்தட்டு ரிவெட்டை, அதாவது அடித்தட்டை உடம்போடு பிடித்திருக்கும் மழுக்கிய முனையை, பூதக்கண்ணாடியில் பாருங்கள். கம்பெனி ரிவெட் சீராக மழுங்கியிருக்கும். துளையிட்ட சுவடு, பசை, திருகு, இதில் எது தெரிந்தாலும் அது திறக்கப்பட்ட வண்டி.

பழைய வண்டியில் பார்க்க வேண்டியது இன்னொன்று உண்டு, அதுதான் ஆபத்தானது. உடம்பில் மயிரிழை விரிசல்கள், வீங்கின தோற்றம், வாழைப்பழம் போல வளைந்த அடித்தட்டு, தொட்டால் உதிரும் மூலை, இவையெல்லாம் சேர்ந்திருந்தால் அது துத்தநாகச் சிதைவு. வார்க்கும்போது ஈயம் துளியளவு கலந்துவிட்டாலும் உலோகத்தின் மணிகளுக்கு இடையே அரிப்பு தொடங்கி, வருடக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே வேலை செய்யும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி வண்டிகள் பலவற்றுக்கு இந்த நோய் உண்டு. இதற்கு மருந்து கிடையாது. பக்கத்து வண்டிக்குத் தொற்றாது, அதுவரை நிம்மதி. அப்படிப்பட்ட வண்டியைப் பிரிக்க முயலாதீர்கள், கையிலேயே உடைந்துவிடும்.

தொடலாமா, கூடாதா?

அசல் பெயிண்ட் பாதிக்கு மேல் இருந்தால் தொடாதீர்கள். உதிர்ந்த அசல் வண்டிக்குச் சேகரிப்பாளர்கள் கொடுக்கிற மதிப்பை, புதிதாகப் பெயிண்ட் அடித்த வண்டிக்குக் கொடுப்பதில்லை. காசை விடுங்கள். ஐம்பது அறுபது வருடம் முன்னால் லண்டன் தொழிற்சாலையில் பட்ட அந்தப் பெயிண்டை நாம் மறுபடி கொண்டுவர முடியாது, நீக்கினால் போனதுதான். பெரியப்பாவின் பஸ்ஸில் ஒரு பக்கம் பெயிண்ட் தேய்ந்திருப்பது என் அண்ணன் அதைத் திண்ணைச் சுவரில் ஓட்டி ஓட்டித் தேய்த்ததால். அந்தத் தேய்மானத்தை அழிக்க எனக்கு மனசு வராது.

அசல் பெயிண்ட் ஏற்கெனவே போனது, வேறு யாரோ பெயிண்ட் அடித்தது, உறுப்புகள் காணாமல் போனது, கடையில் இன்றும் கிடைக்கிற சாதாரண வண்டி, இவையெல்லாம் தாராளமாகத் தொடக்கூடியவை. முதல் முயற்சியை மலிவான புது வண்டியில் செய்யுங்கள். குறைந்தது மூன்று வண்டி அப்படிச் செய்துவிட்டு, அப்புறம் பழையதற்கு வாருங்கள்.

மேசையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

வேகத்தைக் குறைக்க முடிகிற சின்ன ட்ரில். 1.6, 3, 4 மி.மீ. பிட்டுகள். சென்டர் பஞ்ச், எம்2 (2 மி.மீ.) அளவில் மரை போடும் டாப், 5 மி.மீ. நீளமுள்ள எம்2 திருகுகள், ஊசி அரம், நுண்ணளவு பார்க்கும் வெர்னியர், பழைய டூத் பிரஷ், 400 முதல் 2000 வரை தண்ணீர் உப்புத்தாள். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு நைட்ரைல் கையுறையும் கட்டாயம். பெட்டிக்குள் பெட்டியாகக் கிடைக்கிற விலையுயர்ந்த செட் எதுவும் வேண்டாம். ஒரு நல்ல வெளிச்சம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

பிரிப்பது

முதலில் ஆறு பக்கமும் போட்டோ எடுங்கள். பிரிக்கப் பிரிக்க எடுத்துக்கொண்டே போங்கள். கண்ணாடி எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பது மறுநாள் ஞாபகம் வராது.

ஹாட் வீல்ஸ் போன்ற வண்டியில் அடித்தட்டை இரண்டு ரிவெட்டுகள் பிடித்திருக்கும். ரிவெட்டின் நடுவில் சென்டர் பஞ்சை வைத்து ஒரு தட்டு தட்டிக் குழி போடுங்கள், இல்லாவிட்டால் பிட் வழுக்கி அடித்தட்டைக் கீறும். 3 மி.மீ. பிட்டால் மெதுவாக, ரிவெட்டின் தலை மட்டும் கழலும்வரை ஓட்டுங்கள். தலை ஒரு வளையம் போலப் பிட்டில் ஏறிக்கொண்டு சுற்றும், அந்த நொடியில் நிறுத்துங்கள். போதவில்லை என்றால் 4 மி.மீ. பிட்டால் ஒரு சிட்டிகை. தலைக்கு அடியில் உடம்போடு சேர்ந்திருக்கும் தூணையே சீவிவிட்டால் பிறகு திருகு பிடிக்க இடம் இருக்காது.

பழைய லெஸ்னி வண்டிகளில் அச்சு தனியாகக் கழலும். அச்சின் இரு முனைகளும் பொத்தான் போலத் தட்டிவிடப்பட்டிருக்கும். ஒரு முனையை மட்டும் ஊசி அரத்தால் தேய்த்துச் சக்கரத்தை எடுத்துவிட்டு, அச்சை மறுபக்கமாக உருவுங்கள். அரம் சக்கரத்தில் படாமல் இருக்க, நடுவில் ஓட்டையிட்ட பிளாஸ்டிக் அட்டையைச் செருகிக்கொள்ளுங்கள். என் பஸ்ஸில் இதற்கே ஒரு மாலை நேரம் போனது. அவசரப்பட்டு இடுக்கியால் இழுத்தால் சக்கரத்தின் துளை பிளந்துவிடும்.

பெயிண்டை நீக்குவது

இந்த இடத்தில் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். காஸ்டிக் சோடா பெயிண்டை நன்றாக எடுக்கும் என்று கேள்விப்பட்டு, ஒரு பழைய லாரியின் உடம்பை அதில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். காலையில் பெயிண்ட் போயிருந்தது, கூடவே கதவுக் கோடுகளும் போயிருந்தன. உடம்பு முழுக்க அம்மைத் தழும்பு போல் குழிகள். துத்தநாகமும் அலுமினியமும் அமிலத்தில் மட்டுமல்ல, வலுவான காரத்திலும் கரையும். அப்போது எழுகிற குமிழிகள் ஹைட்ரஜன். அதனால் காஸ்டிக் சோடா, வினிகர், டாய்லெட் கிளீனர் எதுவும் வேண்டாம்.

ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற பெயிண்ட் ரிமூவர் போதும். பிளாஸ்டிக் உறுப்பு ஒன்றுகூட உடம்பில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மூடி போட்ட கண்ணாடி ஜாடியில் உடம்பை வைத்து ரிமூவரைத் தடவுங்கள். பிளாஸ்டிக் டம்ளரில் வைத்தால் டம்ளர் கரைந்துவிடும். ஜாடியை மொட்டை மாடியிலோ திறந்த ஜன்னல் பக்கத்திலோ வையுங்கள். அரைமணி நேரத்தில் பெயிண்ட் அப்பளம் போலப் பொங்கி எழும். டூத் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். மூலைகளில் ஒட்டியிருப்பதற்கு இன்னொரு தடவை. கேட் பெயிண்ட் போட்ட என் பஸ்ஸுக்கு மூன்று தடவை தேவைப்பட்டது. கடைசித் தடவையில் அந்த எனாமலுக்கு அடியில் அசல் சிவப்பு, ஜன்னல் இடுக்குகளில் கொஞ்சம் தெரிந்தது. அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். பின்னால் நிறம் தேர்ந்தெடுக்க அதுதான் சாட்சி.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், தூசு மூச்சில் போகும். எப்போதும் தண்ணீரோடுதான். சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

உடம்பும் கண்ணாடியும்

வார்ப்பின் ஓரத்தில் மெல்லிய வரம்பு தெரிந்தால் ஊசி அரத்தால் நீவுங்கள். குழி, உடைந்த மூலைகளுக்கு எம்-சீல் போன்ற எபாக்ஸி. காய்ந்தபின் தண்ணீர் உப்புத்தாள்.

மங்கின ஜன்னல் கண்ணாடியைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். 1000, 1500, 2000 என்று தண்ணீர் உப்புத்தாளில் தேய்த்து, கடைசியில் பஞ்சில் பிராசோ தொட்டு மெருகேற்றுங்கள். பத்து நிமிடத்தில் தெளியும். கண்ணாடியை ஒட்ட ஃபெவிக்விக் பயன்படுத்தவே கூடாது. அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும். ஃபெவிகால் ஒரு பொட்டு வைத்தால் போதும், காய்ந்ததும் தெரியாது. தேவைப்பட்டால் பிறகு கழற்றவும் வரும்.

பெயிண்ட் அடிப்பது

உடம்பைச் சோப்பில் கழுவி, உலர்த்தி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்த பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் பிடிக்காது. துத்தநாகத்தின்மேல் நேரடியாகப் பெயிண்ட் நிற்பதும் கடினம், உலோகத்தைக் கவ்வும் எட்ச் பிரைமர் ஒரு கோட் வேண்டும். சிவப்பு, மஞ்சள் அடிக்கப்போகிறீர்கள் என்றால் அதன்மேல் வெள்ளை பிரைமரும் அடியுங்கள். சாம்பல் பிரைமர்மேல் அடித்த சிவப்பு செங்கல் நிறத்துக்குப் போய்விடும்.

ஸ்ப்ரே டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்தால் பெயிண்ட் மெல்லிசாகப் பீய்ச்சும். அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். 20 முதல் 25 செ.மீ. தூரத்திலிருந்து, வண்டிக்கு வெளியே தொடங்கி வண்டிக்கு வெளியே முடியுமாறு வீசுங்கள். முதல் கோட்டில் பிரைமர் தெரியத்தான் வேண்டும். பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் மூன்று நான்கு மெல்லிய கோட். விரல் நீள வண்டியில் ஒரு தடித்த கோட் அடித்தாலே கதவுக் கோடு, கைப்பிடி எல்லாம் மூழ்கிவிடும்.

மழை நாளில் அடிக்காதீர்கள். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் பெயிண்ட் வெள்ளை பூத்து மங்கும். சென்னையில் அக்டோபர், நவம்பர் மாதங்களைப் பிரிக்கிற வேலைக்கு வைத்துக்கொண்டு, பெயிண்ட் வேலையைப் பொங்கலுக்குப் பிறகு தள்ளிப்போடுகிறேன். எனாமல்மேல் லாக்கர் அடித்தால் அடியிலிருக்கும் பெயிண்ட் சுருங்கும், அதனால் ஒரு வண்டிக்கு ஒரே வகையை வைத்துக்கொள்வது நல்லது.

அடித்த உடம்பை மூடியுள்ள டப்பாவுக்குள் வையுங்கள். காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டாம். மூக்கருகே கொண்டுபோங்கள். பெயிண்ட் வாசனை வந்தால் இன்னும் காயவில்லை.

அடுத்தது நுணுக்க வேலை. முகப்பு விளக்கு, பம்பர், கிரில். மூன்று சைபர் (000) என்ற மிக மெல்லிய பிரஷைவிட முனை மழுக்கின பல்குச்சி எனக்குக் கைவருகிறது. வெள்ளிப் பெயிண்டில் முனையைத் தொட்டு, விளக்கின் மேட்டில் ஒற்றி எடுங்கள். பஸ்ஸின் பக்கவாட்டில் பிபி விஸ்கோ ஸ்டாட்டிக் எண்ணெய் விளம்பரம் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட மறுபதிப்பு ஒட்டுப்படங்களும் சக்கரங்களும் இங்கிலாந்தில் சில விற்பனையாளர்களிடம் கிடைக்கின்றன. நீர் ஒட்டுப்படத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் நனைத்து, ஈரப் பிரஷால் நகர்த்தி உட்காரவைத்து, பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றுங்கள். அதன்மேல் கிளியர் கோட் அடிப்பதானால் முதல் இரண்டு கோட் பனித்துளி அளவுக்கு லேசாக. நனைய அடித்தால் படம் சுருண்டுவிடும்.

சக்கரம் மாற்றுவது

கஸ்டம் செய்பவர்களுக்கு, அதாவது வண்டியைத் தங்கள் விருப்பப்படி மாற்றுபவர்களுக்கு, பிடித்த வேலை இது. மாற்றுச் சக்கரத்தின் விட்டத்தையும், ஒரு சக்கரத்தின் வெளிமுகத்திலிருந்து எதிர்ச்சக்கரத்தின் வெளிமுகம் வரையுள்ள அகலத்தையும் வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். அச்சு நீளமாக இருந்தால் நடுவில் வெட்டி, இரண்டு துண்டையும் மெல்லிய பித்தளைக் குழாய்க்குள் எதிரெதிராகச் செருகி, நீளம் சரிபார்த்து ஒட்டுங்கள். உயரத்தைக் குறைக்க அடித்தட்டில் அச்சு உட்காரும் பள்ளத்தைக் கொஞ்சம் ஆழமாக்கலாம். சக்கரம் உடம்பில் உரசாமல் ஓடுகிறதா என்று பெயிண்டுக்கு முன்னாலேயே மாட்டிப் பாருங்கள். பெயிண்டுக்குப் பிறகு கண்டுபிடித்தால் வருத்தம்தான். அசல் தோற்றத்துக்குக் கொண்டுவருகிற வேலை என்றால் அந்தக் காலத்துச் சக்கரத்தையே தேடுங்கள். 1965 பஸ்ஸில் சூப்பர்ஃபாஸ்ட் சக்கரம் மாட்டினால் தெரிந்தவர் கண்ணுக்கு முதலில் அதுதான் படும்.

பூட்டுவது

ரிவெட் தூணின் நடுவில் 1.6 மி.மீ. துளையை 5 மி.மீ. ஆழத்துக்கு இடுங்கள். எம்2 டாப்பை ஒரு சொட்டு எண்ணெயுடன் அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று ஓட்டுங்கள். டாப் உள்ளே முறிந்தால் எடுப்பது மிகக் கஷ்டம், ஆகவே கை கனக்கிற இடத்தில் வெளியே எடுத்துத் துகளைத் தட்டிவிட்டுத் தொடருங்கள். இதைப் பெயிண்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள். கண்ணாடி, இருக்கை, அச்சு, அடித்தட்டு என்ற வரிசையில் வைத்துத் திருகை மிதமாக முடுக்கினால் போதும்.

எங்கே வைப்பது?

நேர் வெயில் படாத, ஈரமில்லாத கண்ணாடி அலமாரி. ஒவ்வொரு தட்டிலும் சிலிக்கா ஜெல் பை. ரப்பர் டயர் வண்டியை வருடக்கணக்கில் பிளாஸ்டிக் தட்டின்மேல் நேரடியாக நிறுத்தினால் இரண்டும் ஒட்டி உருகும், அடியில் சின்னக் கட்டை வைத்துச் சக்கரத்தைத் தூக்கிவிடுங்கள். பீரோவில் போடுகிற பாச்சை உருண்டையை இந்த அலமாரிப் பக்கம் கொண்டுவராதீர்கள். நாப்தலீன் ஆவி சில வகை பிளாஸ்டிக்கை இளகவைக்கும்.

கடைசியாக ஒரு வேலை. அடித்தட்டைப் பூட்டும் முன் அதன் உள்பக்கத்தில் மெல்லிய மார்க்கரால் எழுதுங்கள், எந்த ஆண்டு பெயிண்ட் அடித்தது, எந்த உறுப்பு புதியது என்று. இப்படி மாற்றப்பட்ட வண்டியைச் சேகரிப்பாளர்கள் கோட் 3 (Code 3, பெயிண்ட் கோட் அல்ல) என்பார்கள். அசல் என்று சொல்லி விற்காதவரை அதில் எந்தக் குறையும் இல்லை. என் இரண்டாவது பஸ்ஸின் வயிற்றுக்குள் இப்படி எழுதியிருக்கிறேன்: "பெயிண்ட் புதிது. முன் அச்சும் ஒரு சக்கரமும் புதிது. இருக்கைகள் அசல்." எனக்குப் பிறகு யாராவது திருகைக் கழற்றினால் படித்துக்கொள்வார்கள்.